மின்னும் விளக்கின் 25 எழுத்துகள்: 1996ஆம் ஆண்டுக் குவேக் எஞ்சின் குறித்த ஒரு நிகழ்வு ஆய்வு

சனிக்கிழமை மாலைகளில் எங்கள் அடுக்குமாடிப் புளோக்கின் திறந்த தரைத்தளமான வாய்ட் டெக்கில் உள்ள கல்மேசையைச் சுற்றி ஐந்து பேர் கூடிப் பழைய விளையாட்டுகளின் மூலநிரலைப் படித்து வருகிறோம். நான் நிரல் எழுதிப் பிழைப்பவன். மற்ற நால்வரும் பலதுறைத் தொழிற்கல்லூரி மாணவர்கள், அவர்களுள் ஒருவன் என் அக்காள் மகன். இந்த ஆண்டு நாங்கள் எடுத்துக்கொண்டது ஐடி சாஃப்ட்வேர் நிறுவனம் 1996 ஜூன் 22 அன்று வெளியிட்ட குவேக் விளையாட்டின் எஞ்சின், அதாவது அதை இயக்கும் அடிப்படை நிரல்.

அந்த நிரலில் விளக்குகள் எப்படி மின்ன வேண்டும் என்று சொல்லும் ஒரு சிறு பட்டியல் உண்டு. ஒவ்வொரு மின்னும் முறையும் ஆங்கிலச் சிற்றெழுத்துகளால் ஆன ஒரு சரம். ஏ என்றால் முழு இருள், எம் என்றால் இயல்பான வெளிச்சம், இஸட் என்றால் ஏறத்தாழ இரட்டை வெளிச்சம். வினாடிக்குப் பத்து எழுத்து என்ற வேகத்தில் எஞ்சின் அந்தச் சரத்தை வாசித்துக்கொண்டே போகும். முடிந்ததும் மறுபடி முதலிலிருந்து தொடங்கும். பழுதான குழல்விளக்குக்கு உரிய 10ஆம் எண் சரம் 25 எழுத்து நீளமானது: எம் எம் ஏ எம் ஏ, எம் எம் எம் எம் ஏ, எம் எம் ஏ எம் ஏ, எம் ஏ ஏ ஏ எம், ஏ எம் எம் எம் ஏ. நான் அதை வாசிக்கக் கேட்டுக்கொண்டிருந்த அக்காள் மகன், மிருதங்கம் பயில்பவன், கல்மேசையில் விரலால் தட்டிப் பார்த்துவிட்டு, "மாமா, இது அஞ்சு கண்டம்" என்றான். ஐந்து ஐந்தாக ஐந்து முறை. அதை எழுதியவருக்குக் கண்ட நடை தெரிந்திருக்க வாய்ப்பில்லை. பார்ப்பவருக்கு ஒழுங்கு புலப்படாத அளவுக்கு அது நீளமாக இருந்தால் போதும் என்பதே அவருடைய தேவையாக இருந்திருக்கும்.

இந்தச் சரத்தை ஆய்வின் வாசலில் வைப்பதற்குக் காரணம் இருக்கிறது. 2020இல் வால்வ் நிறுவனம் மெய்நிகர் கருவிகளுக்காக வெளியிட்ட ஹாஃப் லைஃப்: அலிக்ஸ் விளையாட்டிலும் விளக்குகள் இதே தாளத்தில் மின்னுவதை விளையாடியவர்கள் கண்டுபிடித்தார்கள். இடையில் 24 ஆண்டுகள் ஓடியிருந்தன. குவேக்கின் ஓவியங்களும் ஓசையும் கதையும் எதுவும் அதில் இல்லை. செயலிகள் மாறின, திரைகள் மாறின, படம் வரையும் முறையே மாறிவிட்டது. இந்த 25 எழுத்துகள் மட்டும் எப்படிப் பிழைத்தன என்று கேட்டால், ஒரு எஞ்சினில் எது சாகும், எது தங்கும் என்பதற்கான விடை கிடைக்கத் தொடங்குகிறது.

பென்டியத்துக்காக எழுதியவை

டெக்சஸ் மாநிலத்தின் மெஸ்கீட் நகரில் இயங்கிய ஐடி சாஃப்ட்வேர், 1993 டிசம்பரில் வெளியிட்ட டூம் விளையாட்டால் ஏற்கெனவே புகழ் பெற்றிருந்தது. டூம் பார்வைக்கு முப்பரிமாணமாகத் தோன்றினாலும், அதன் உலகம் உண்மையில் உயரம் குறிக்கப்பட்ட ஒரு தரைப்படம்தான். ஓர் அறைக்கு மேல் இன்னோர் அறை இருக்க முடியாது. ஐடியின் தலைமை நிரலாளர் ஜான் கார்மக் அடுத்து எழுத விரும்பியது, மேலும் கீழும் தடையின்றிப் பார்க்கக்கூடிய, அறைக்குமேல் அறையும் பாலத்துக்கடியில் பாதையும் அமைக்கக்கூடிய முழு முப்பரிமாண உலகம். வரைகலைச் சிக்கலில் அவருக்குத் துணையாக மைக்கேல் அப்ராஷ் 1995இல் மைக்ரோசாஃப்ட்டிலிருந்து வந்து சேர்ந்தார்.

அன்றைய வீட்டுக் கணினியில் முப்பரிமாண அட்டை கிடையாது. ஒவ்வொரு பிக்சலையும் செயலியே கணக்கிட்டு வரைய வேண்டும்; 320க்கு 200 என்ற சிறிய திரையில்கூட அவை 64,000. சாய்வாக விலகிச் செல்லும் சுவரில் செங்கல் படம் நெளியாமல் தெரிய வேண்டுமானால் ஒவ்வொரு பிக்சலுக்கும் ஒரு வகுத்தல் தேவை, வகுத்தலோ செயலிக்கு மிகவும் செலவான வேலை. செயலியின் கட்டளைகளை நேரடியாக எழுதும் அசெம்பிளி மொழியில் அமைந்த குவேக்கின் நிரல் 16 பிக்சலுக்கு ஒருமுறை மட்டும் வகுத்து, இடையிலுள்ளவற்றை நேர்கோட்டில் நிரப்பியது. அந்த ஒரு வகுத்தலையும் பென்டியம் செயலியில் தசம எண்களைக் கணக்கிடும் மிதவைப்புள்ளிப் பகுதியிடம் ஒப்படைத்துவிட்டு, அது முடியும்வரை காத்திராமல், முந்தைய 16 பிக்சலை முழு எண் பகுதியைக் கொண்டு வரைந்துகொண்டிருந்தது. அடுப்பில் உலை கொதிக்கும் நேரத்தில் காய் நறுக்கி முடிப்பதைப் போன்ற ஏற்பாடு இது. மிதவைப்புள்ளிப் பகுதி மெதுவாக இயங்கிய 486 செயலிகளிலும் சைரிக்ஸ் செயலிகளிலும் இந்த ஏற்பாடு பலிக்கவில்லை. மற்ற வேலைகளில் பென்டியத்துக்கு ஈடுகொடுத்த கணினிகள் குவேக்கில் திணறின.

இந்தப் பகுதியை மாணவர்களோடு வரி வரியாகப் படிக்க எங்களுக்கு மூன்று வாரம் பிடித்தது. நான் படித்த நிரல்களிலேயே இவ்வளவு சிக்கனமானது வேறில்லை என்று தயங்காமல் சொல்வேன். ஆனால் 1997 ஜனவரியில் ஜிஎல்குவேக் வந்து, 3டிஎஃப்எக்ஸ் நிறுவனத்தின் வூடூ போன்ற அட்டைகள் வரைவதைத் தம் பொறுப்பில் ஏற்றுக்கொண்டதும், அந்த அசெம்பிளிக்கான தேவை தேயத் தொடங்கியது. விளையாட்டு வெளிவந்து ஏழே மாதம்தான் ஆகியிருந்தது. எஞ்சினின் மிகக் கடினமான, மிக அழகான பகுதியே முதலில் மறைந்தது என்பதை இந்த ஆய்வின் முதல் முடிவாகக் குறித்துக்கொண்டோம்.

கோடு கிழித்த இடங்கள்

தங்கியவை வேறு. எந்த வேலை எங்கே முடிந்து எந்த வேலை எங்கே தொடங்க வேண்டும் என்று கார்மக் கிழித்த எல்லைக் கோடுகள்தாம் தங்கின.

முதல் கோடு முன்கூட்டியே செய்யும் வேலைக்கும் விளையாடும்போது செய்யும் வேலைக்கும் இடையில் விழுந்தது. நம் அடுக்குமாடிப் புளோக்கின் தாழ்வாரத்தில் ஓர் இடத்தில் நிற்கும்போது எதிர்ப் புளோக்கின் எந்தெந்தக் கதவுகள் கண்ணில் படக்கூடும், எவை சுவருக்குப் பின்னால் ஒருபோதும் தெரியாது என்பதை ஒவ்வோர் இடத்துக்கும் முன்னதாகவே பட்டியலிட்டு வைத்துக்கொண்டால், பிறகு அங்கே நிற்பவருக்குத் தேடும் வேலை மிச்சம். குவேக்கின் விஸ் என்ற தனி நிரல் இதைத்தான் செய்தது. விளையாட்டின் ஒரு கட்டமான லெவலை உருவாக்கியவரின் கணினியில் நெடுநேரம் ஓடி, உலகின் ஒவ்வொரு துண்டிலிருந்தும் தெரியக்கூடிய மற்றத் துண்டுகளின் பட்டியலைச் சுருக்கிக் கோப்பில் சேர்த்தது. லைட் என்ற இன்னொரு நிரல் விளக்குகளின் ஒளி சுவர்களில் விழும் விதத்தைக் கணக்கிட்டு, படத்தின் 16 புள்ளிக்கு ஒரு மாதிரி என்ற அளவில் ஒளிப்படமாகச் சேமித்தது. ஒளியை இப்படி முன்னதாகவே சுட்டு வைக்கும் வழக்கம் இன்றைய எஞ்சின்களான யூனிட்டியிலும் அன்ரியலிலும்கூட இருக்கிறது. அவை குவேக்கின் நிரலிலிருந்து பிறந்தவை அல்ல என்பதால், இதை வாரிசுரிமை என்று சொல்லாமல் குவேக் பரவலாக்கிய பழக்கம் என்று மட்டும் சொல்வதே நேர்மை.

இரண்டாவது கோடு எஞ்சினுக்கும் விளையாட்டுக்கும் இடையில். அரக்கனுக்கு எவ்வளவு உயிர், கதவு எப்போது திறக்கும், துப்பாக்கி எத்தனை குண்டு சுடும் என்பவை எஞ்சினுக்குள் எழுதப்படவில்லை. குவேக்சி என்ற சிறிய மொழியில் தனியாக எழுதப்பட்டு, எஞ்சினுக்குள் ஓடும் ஒரு கற்பனைச் செயலிக்கான நிரலாக மாற்றப்பட்டன. படங்களும் ஒலிகளும் லெவல்களின் அமைப்பான மேப்களும் பேக் என்ற தொகுப்புக் கோப்புகளில் தனியே இருந்தன. ஐடி இந்தக் குவேக்சி நிரலைப் பொதுவில் கொடுத்ததால், எஞ்சினின் மூலநிரலைக் கண்ணால் பார்க்காதவர்களும் புதிய விளையாட்டுகளைப் படைத்தார்கள். டீம் ஃபோர்ட்ரஸ் 1996இலேயே அப்படிப் பிறந்த மோட், அதாவது இருக்கும் விளையாட்டைத் திருத்திச் செய்த புது விளையாட்டு.

நாம் தொடங்கிய விளக்குச் சரம் இந்தக் கோட்டின் எந்தப் பக்கம் இருக்கிறது என்று கவனித்தால் அதன் நீண்ட ஆயுளுக்கான காரணம் தெரியும். எழுத்தை வெளிச்சமாக மாற்றும் கணக்கு எஞ்சினில் இருக்கிறது: ஏயிலிருந்து எத்தனையாவது எழுத்து என்று எண்ணி, அதை 22ஆல் பெருக்குகிறது. எம் பன்னிரண்டு இடம் தள்ளி இருப்பதால் 264 வருகிறது; எஞ்சினின் உள்கணக்கில் 256 என்பதே இயல்பு, ஆக எம் ஏறத்தாழ இயல்பு. இஸட்டுக்கு 550, அதாவது இரட்டிப்புக்குச் சற்று அதிகம். இந்தக் கணக்கு எஞ்சின் மாறினால் மாறலாம். சரங்களோ விளையாட்டின் பக்கம், வெறும் எழுத்துகளாக இருந்தன. எந்த எஞ்சினுக்கும் அவற்றைப் புரிந்துகொள்வது எளிது, எந்த நிரலாளருக்கும் அவற்றை மாற்ற வேண்டிய கட்டாயம் இல்லை. வால்வ் நிறுவனம் குவேக் எஞ்சினை உரிமம் பெற்று வாங்கி, பெரும்பகுதியைத் திருத்தி எழுதி, 1998 நவம்பரில் ஹாஃப் லைஃபை வெளியிட்டபோது குவேக்சியைக் கைவிட்டு சி++ மொழிக்குப் போனது. அதன் பொது நிரல் தொகுப்பைத் திறந்தால் அதே பட்டியல், அதே வரிசை எண்களோடும் குறிப்புரைகளோடும், மொழி மட்டும் மாறி உட்கார்ந்திருக்கிறது. அங்கிருந்து 2004இல் வால்வின் சோர்ஸ் எஞ்சினுக்கும், அதன் வழியில் சோர்ஸ் 2க்கும் அது பயணப்பட்டிருக்கிறது.

16,000 கிலோமீட்டர்

மூன்றாவது கோடு ஆட்டத்தை நடத்தும் சர்வருக்கும் விளையாடுபவரின் பக்கம் ஓடும் கிளையண்டுக்கும் இடையில். சிங்கப்பூரில் இருப்பவர்களுக்கு இதுவே நெருக்கமான விஷயம், எனவே சற்று விரிவாக எழுதுகிறேன்.

குவேக்கில் ஒருவர் தனியாக விளையாடினாலும், கணினிக்குள்ளேயே ஒரு சர்வரும் ஒரு கிளையண்டும் ஓடி ஒன்றோடொன்று செய்தி பரிமாறிக்கொள்கின்றன. உலகத்தில் என்ன நடக்கிறது என்று முடிவு செய்யும் அதிகாரம் சர்வருக்கு மட்டும். கிளையண்ட் விசை அழுத்தங்களை அனுப்பிவிட்டு, வரும் விடையைத் திரையில் காட்டும். ஒரே கூடத்தில் கம்பியால் இணைத்த கணினிகளில் இது மிக நன்றாக இயங்கியது. தலையைத் திருப்புவது உடனே நடந்தாலும், முன்னே ஓர் அடி வைக்க வேண்டுமானால் விசையழுத்தம் சர்வருக்குப் போய் விடை திரும்பி வர வேண்டும் என்ற குறை இணையத்தில்தான் வெளிப்பட்டது.

சிங்கப்பூருக்கும் டெக்சஸுக்கும் இடையே பூமியின் வளைவில் ஏறத்தாழ 16,000 கிலோமீட்டர். கண்ணாடி இழையில் ஒளி வினாடிக்குச் சுமார் 2,00,000 கிலோமீட்டர் செல்லும். போய்வர 160 மில்லிவினாடி என்பது இயற்கை விதித்த குறைந்த அளவு. எவ்வளவு பணம் கொடுத்தாலும் அதற்குக் கீழே இறங்க முடியாது. கேபிள்கள் நேர்கோட்டில் போவதில்லை என்பதால் உண்மையில் அதற்கும் மேலே போகும், அன்றைய தொலைபேசி மோடம் தன் பங்குக்கு மேலும் நூறு மில்லிவினாடிக்குமேல் சேர்க்கும். அமெரிக்க சர்வரில் விளையாட முயன்ற சிங்கப்பூர்ப் பிள்ளை, விசையை அழுத்திக் கால் வினாடிக்குமேல் கழிந்த பிறகே தன் உருவம் நகர்வதைப் பார்த்திருப்பான்.

விளையாட்டு வெளிவந்த இரண்டாம் மாதமே கார்மக் தம் பொதுக் குறிப்பில், நல்ல இணைய விளையாட்டைச் செய்வதற்கான அடிப்படை அனுமானத்திலேயே தாம் தவறிவிட்டதாக எழுதினார். வெற்றியின் உச்சத்தில் இருந்த ஒருவர் இவ்வளவு வெளிப்படையாக எழுதியதை நான் மிகவும் மதிக்கிறேன். அந்த ஆண்டு டிசம்பரிலேயே குவேக்வேர்ல்டு என்ற திருத்தப்பட்ட வடிவம் வந்துவிட்டது. சர்வரில் ஓடும் அதே நடமாட்ட நிரலைக் கிளையண்டும் தன் பங்குக்கு உடனே ஓட்டிப் பார்த்து, விடை வருமுன்பே உருவத்தை நகர்த்திவிடும். பின்னர் சர்வரின் விடை வந்ததும் வேறுபாடு இருந்தால் தன்னைத் திருத்திக்கொள்ளும். அதிகாரம் சர்வரிடமே இருக்கிறது, காத்திருப்பு மட்டும் விளையாடுபவரிடமிருந்து நீங்குகிறது. ஹாஃப் லைஃபின் பொது நிரலில் இரு தரப்புக்கும் பொதுவான நடமாட்ட நிரலுக்கென்றே ஒரு தனி அடைவு இருக்கிறது. வேகமான இணைய விளையாட்டுகளில் இன்று பரவலாக உள்ள முறையும் அடிப்படையில் இதுவே. எங்கள் குழுவில் இதைப் படித்த அன்று, தான் சிறுவயது முதல் 'பிங்' என்று திட்டிக்கொண்டிருந்தது எதை என்று இன்றுதான் புரிந்தது என்றார் ஒரு மாணவர்.

இந்த மரபின் கிளை ஒன்று நம் ஊரிலேயே கண்முன் வளர்ந்தது. ஹாஃப் லைஃபின் மோடாக 1999இல் தொடங்கி 2000இல் தனி விளையாட்டாக விற்பனைக்கு வந்த கவுண்டர் ஸ்டிரைக், சிலிகி சாலையின் பார்க்லேன் கடைத்தொகுதி போன்ற இடங்களில், கணினிகளைக் கம்பியால் இணைத்து விளையாட விட்ட லேன் கடைகளில் பள்ளிச் சீருடையோடு வந்த பிள்ளைகளை மணிக்கணக்கில் உட்கார வைத்தது. தேக்காவிலிருந்து நடந்தே போய்விடலாம். 2005 நவம்பரில் வேர்ல்டு சைபர் கேம்ஸ் இறுதிச் சுற்று சிங்கப்பூரின் சன்டெக் சிட்டியில் நடந்தபோது கவுண்டர் ஸ்டிரைக் அதன் போட்டிகளுள் ஒன்றாக இருந்தது. அங்கே அமர்ந்து ஆடியவர்களின் விரலடியில் ஓடிய எஞ்சின், குவேக் எஞ்சினின் வாரிசு.

எண்ணாமல் தங்கியவை

எல்லாமே திட்டமிட்டுத் தங்கவில்லை. இடங்களைக் குறிக்கும் எண்களைக் குவேக் வலைவழி அனுப்பும்போது எட்டால் பெருக்கி 16 பிட்டுக்குள் அடைத்தது. மோடத்தின் மேல் இரக்கப்பட்டுச் செய்த இந்தச் சிக்கனத்தால், உலகம் நடுப்புள்ளியிலிருந்து எந்தப் பக்கமும் 4,096 அலகுக்குமேல் விரிய முடியாமல் போனது. ஹாஃப் லைஃபுக்கு மேப் செய்தவர்களும் அதே எல்லைக்குள்தான் தங்கள் நகரங்களைக் கட்டினார்கள்.

காற்றில் பறக்கும்போது வேகம் கூட்டும் விதியில் இருந்த ஓட்டை இன்னும் சுவையானது. காற்றில் இருப்பவர் புதிதாகக் கூட்டிக்கொள்ளும் வேகம் 30 அலகைத் தாண்டக்கூடாது என்று நிரல் கட்டுப்படுத்துகிறது. ஆனால் அது அளந்து பார்ப்பது மொத்த வேகத்தை அல்ல. விளையாடுபவர் விசையால் சுட்டும் திசையில் அவருடைய வேகத்தின் பங்கு எவ்வளவு என்பதை மட்டும். போகும் திசைக்கு ஏறத்தாழ செங்குத்தாகச் சுட்டினால் அந்தப் பங்கு பூஜ்யத்துக்கு அருகில் இருக்கும், நிரலும் ஏமாந்து மேலும் வேகத்தைக் கொடுக்கும். மவுஸைத் திருப்பிக்கொண்டே இதைத் தொடர்ந்து செய்பவர், குதிக்கக் குதிக்க வேகமெடுத்துக்கொண்டே போவார். இது பிழைதான். கவுண்டர் ஸ்டிரைக்கில் சரிவுகளின்மேல் வழுக்கிச் செல்லும் 'சர்ஃப்' மேப்களைப் போன்ற ஒரு முழு விளையாட்டுக் கலையே இந்தப் பிழையின்மீது எழுந்ததால், பின்னால் வந்தவர்கள் அதை முற்றாக அகற்றவில்லை. காற்று வேகத்துக்கான அந்த அமைப்பைச் சர்வர் நடத்துபவர்கள் இன்றும் தங்கள் விருப்பப்படி கூட்டியும் குறைத்தும் வைக்கிறார்கள்.

திறந்த மூலநிரல்

1999 டிசம்பர் 21 அன்று ஐடி குவேக்கின் மூலநிரலை ஜிபிஎல் உரிமத்தின்கீழ் வெளியிட்டது. யாரும் படிக்கலாம், திருத்தலாம், பிறருக்குக் கொடுக்கலாம். திருத்தியதைக் கொடுப்பவர் அதன் நிரலையும் கொடுத்தாக வேண்டும். படங்களும் மேப்களும் இதில் சேரவில்லை. உடனடி விளைவுகளுள் ஒன்று கசப்பானது: கிளையண்டைத் திருத்தித் தானாகக் குறிபார்க்க வைத்து ஏமாற்றுவோர் இணைய ஆட்டங்களில் பெருகினார்கள். கிளையண்ட் சொல்வதைச் சர்வர் எந்த அளவுக்கு நம்பலாம் என்ற கேள்வி அப்போது கூர்மையாக எழுந்தது.

ஆயினும் அந்த முடிவு இல்லாவிட்டால் இந்த ஆய்வே இல்லை. உரிமம் வாங்கிய நிறுவனங்களின் வழியாக எஞ்சின் ஒருபுறம் பரவியது. சோர்ஸ் எஞ்சினைத் திருத்தி எழுதிய ரெஸ்பான் நிறுவனத்தின் ஏபெக்ஸ் லெஜெண்ட்ஸ் 2019இல் வந்தது, அது அந்தக் கிளையின் தளிர்களுள் ஒன்று. ஜிபிஎல் வழியாக மறுபுறம் டார்க்பிளேசஸ், குவேக்ஸ்பாஸ்ம் போன்ற எஞ்சின்கள் எவருடைய அனுமதியும் கேட்காமல் பிறந்தன. முதல் கிளை வணிகத்தில் பெரியது. இரண்டாவது கிளையால்தான், 1996இல் பிறந்திராத நான்கு மாணவர்கள் ஒரு கல்மேசையில் அமர்ந்து ஒவ்வொரு வரியையும் விரல் வைத்துப் படிக்க முடிகிறது. எனக்குப் பெரியது இதுவே.

சென்ற மாதம் அக்காள் மகன் தன் மடிக்கணினியில் குவேக்சி கோப்பைத் திறந்து, 10ஆம் எண் சரத்தை அழித்துவிட்டு, தன் ஆசிரியரிடம் புதிதாகக் கற்ற ஒரு தீர்மானத்தை, அதாவது தாளத்தை முடித்து வைக்கும் முத்தாய்ப்பை, எழுத்துகளாக எழுதினான்: அடிக்கு எம், கார்வை என்னும் இடைவெளிக்கு ஏ, கடைசி அடிக்கு இஸட். மூன்று முறை வரும் கோர்வை என்பதால் சரம் நீண்டது. கம்பைல் செய்ய ஒரு வினாடிகூட ஆகவில்லை. விலை கொடுத்து வாங்கிய விளையாட்டின் மேப்பில், அந்த வகை விளக்கு உள்ள ஓர் அறைக்குள் போய் நின்றோம். எஞ்சினில் ஒரு வரியும் மாறவில்லை, மேப் கோப்பில் ஓர் எழுத்தும் மாறவில்லை. விளக்கு எம், ஏ, எம் என்று அணைந்து அணைந்து எரிந்தது. அவன் மேசையில் தட்டிக்கொண்டே வந்தான், மூன்றாம் முறை இஸட்டில் சுவர் முழுதும் வெளுத்தபோது அவன் விரலும் தாளத்தின் தொடக்க இடமான சமத்தில் வந்து விழுந்தது.